சிறுநீரகக் கல்லும் கழிவறைச் சாவியும்

அவையின் தலைவர் அவர்களே, இந்த நெரிசலிலும் எலகங்காவிலிருந்து வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறுநீரகவியல் மருத்துவர் அவர்களே, எங்கள் அழைப்பை ஏற்று வந்துள்ள மாநகராட்சி சுகாதாரப் பிரிவு அதிகாரி அவர்களே, இந்த மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்த பள்ளித் தாளாளர் அவர்களே, அல்சூரிலிருந்தும் சிவாஜிநகரிலிருந்தும் பொம்மனஹள்ளியிலிருந்தும் வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம். காலையிலிருந்து ஒலிபெருக்கியோடு மல்லுக்கட்டும் தம்பிக்கும் என் நன்றி.

காரணம், சிகிச்சை, உணவு என மூன்று பகுதிகளாகச் சிறுநீரகக் கல்லைப் பற்றிப் பேசும்படி எனக்குப் பணித்திருக்கிறார்கள். மருத்துவரை எதிரில் வைத்துக்கொண்டு ஓய்வுபெற்ற தொழிற்சங்கக்காரன் ஒருவன் இதைப் பேசுவது துணிச்சல்தான்.

நம் சிறுநீரில் கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் போன்றவை எப்போதும் கரைந்தே இருக்கின்றன. நீர் குறைந்து அவற்றின் செறிவு கூடும்போது, கெட்டியான சர்க்கரைப் பாகில் கற்கண்டு விளைவதுபோலப் படிகங்கள் தோன்றி வளர்கின்றன. பெரும்பாலான கற்கள் கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை. யூரிக் அமிலக் கற்களும், கிருமித்தொற்றால் உண்டாகும் கற்களும் உண்டு. பரம்பரையும் உடற்பருமனும் மிகுதியான உப்பும் இறைச்சியும் இதற்குத் துணைபோகின்றன. நாமோ பழி முழுவதையும் ஆழ்துளைக் கிணற்றின் மீது போட்டுவிடுகிறோம். வாளியில் படியும் வெள்ளையைக் கண்டு அஞ்சித் தண்ணீரையே குறைத்துக்கொள்பவர்தான் உண்மையில் கல்லை வரவழைத்துக்கொள்கிறார். சென்னையிலாவது வியர்வை தாகத்தை நினைவூட்டும். பெங்களூரின் குளிர்காற்றில் மாலைவரை ஒரு மிடறு நீரில்லாமல் வேலை செய்துவிடலாம். நாளொன்றுக்கு 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் வெளியேறும் அளவுக்கு நீர் அருந்த வேண்டும் என்கிறது மருத்துவம். அவ்வளவு நீரை அருந்தியவர் எங்கே போவது என்பதை யாரும் சொல்வதில்லை.

‘ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்கக் கூடாது’ என்பார் என் பாட்டி. மேடை நாகரிகம் கருதி இதைச் சொல்லத் தயங்கிய வயதை நான் கடந்துவிட்டேன்.

ஓசூர் சாலையில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்த சகோதரி ஒருவரைச் சொல்கிறேன். தருமபுரிப் பக்கத்துக்காரர். கழிவறைச் சாவி மேற்பார்வையாளரின் மேசை இழுப்பறையில் இருக்கும். கேட்டால் தருவார், ஆனால் வரிசையில் இருக்கும் அத்தனை பேர் காதிலும் விழும்படி, ‘இப்போதுதானே போனாய்?’ என்று கேட்டுவிட்டுத்தான் தருவார். அந்தக் கூச்சத்துக்கு அஞ்சி, காலைக் காப்பியோடு அவர் தண்ணீரை நிறுத்திக்கொண்டார். ஒருநாள் விலாவில் தொடங்கிய வலி அடிவயிற்றுக்கு இறங்கியது. வாயுவென்று மாமியார் ஓமத்தண்ணீர் கொடுத்தார். பக்கத்து வீட்டு அம்மாள் பெருங்காயம் கொடுத்தார். மைத்துனர் தம் அனுபவத்தை முன்னிட்டு பீர் நல்லதென்றார். மாமியார் அவரை வீட்டைவிட்டே துரத்தினார். அரசு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தபோது சிறுநீர்க்குழாயில் 4 மில்லிமீட்டர் கல் தெரிந்தது. ‘அம்மா, தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடியுங்கள்’ என்றார் இளம் மருத்துவர். ‘குடிக்கிறேன் சார், அந்தச் சீட்டில் எங்கள் சூப்பர்வைசருக்கும் ஒரு மருந்து எழுதிக் கொடுங்கள்’ என்றார் இவர். மருத்துவர் சிரித்துவிட்டு உண்மையாகவே எழுதினார்: ‘இவர் கேட்கும்போதெல்லாம் கழிவறைக்கு அனுப்பவும்.’ மறுவாரத்தில் அந்த வரிசையில் இருந்த பெண்கள் எல்லாரும் அச்சீட்டுக்கு நகல் கேட்டார்கள்!

மருத்துவர் அவர்கள் தலையசைக்கிறார். அவர் மனத்தில் உள்ளதை நானே சொல்லிவிடுகிறேன். அடக்குவதால் மட்டும் கல் விளைந்துவிடுவதில்லை. அடக்க நேருமே என்று நீரருந்தாமல் இருப்பதால்தான் விளைகிறது. ‘மூத்திரத்தை அடக்கக் கூடாது’ என்ற பாட்டிக்குத் தோட்டம் இருந்தது. இந்தச் சகோதரிக்கு இருந்ததோ இழுப்பறையில் ஒரு சாவி. தொழிலாளர்கள் ஆலையில் இருக்கும் நேரம் முழுவதும் கழிவறை அவர்களுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே எழுதிவைத்தது. குடிநீர் இருக்குமிடத்தைத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர்க்குப் புரியும் மொழியில் குறிக்கவும் சொன்னது. எழுத்தில் எதற்கும் குறைவில்லை.

சிகிச்சையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் பெரும்பாலானவை வலிநிவாரணியின் துணையோடு தாமே வெளியேறிவிடும். பெரியவற்றை, 1980-இல் முனிக் நகரில் முதன்முதலாக மனிதருக்குப் பயன்படுத்தப்பட்ட அதிர்வலை முறையிலோ, குழாய் வழியாக லேசர் செலுத்தியோ, முதுகில் சிறு துளையிட்டோ உடைத்து எடுக்கிறார்கள். வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் வாழைத்தண்டுச் சாற்றை நம்பி வீட்டில் இருக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். உணவைப் பற்றிப் பேச நேரமில்லை என்று தலைவர் சைகை காட்டுகிறார். கால்சியத்துக்குப் பயந்து பாலையும் மோரையும் நிறுத்தாதீர்கள் என்பதோடு அதை மருத்துவரிடம் விட்டுவிடுகிறேன்.

அதிகாரி அவர்களே, எங்கள் கோரிக்கைகள் இரண்டு. பேருந்து நிலையங்களிலும் சந்தைகளிலும் உள்ள பெண்கள் கழிவறைகள் கடைசிப் பேருந்து புறப்படும்வரை கட்டணமின்றித் திறந்திருக்க வேண்டும். தொழிற்சாலைகளை ஆய்வு செய்ய வருபவர்கள் மேலாளரின் அறையோடு திரும்பிவிடாமல் தையல் வரிசையில் இருக்கும் பெண்களிடம் தனியாகக் கேட்கும்படி, தொழிலாளர் துறைக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். தமிழிலும் கன்னடத்திலும் எழுதிய மனுக்கள் வாசலில் உள்ள மேசையில் இருக்கின்றன. கையெழுத்திட்டுவிட்டுப் போங்கள், பேனாவைப் பள்ளித் தாளாளர் தருவார். நன்றி, வணக்கம்.