வாயுள்ள பிள்ளையும் காதில்லாத கடையும்

(ஈரோட்டில் வணிகர் சங்கக் கூட்டம் ஒன்றில் பேசியது. கைதட்டலை எடுத்துவிட்டு எழுதியிருக்கிறேன். அப்படியொன்றும் அதிகம் இல்லை.)

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, வரவேற்புரையிலேயே என் பேச்சில் பாதியைப் பேசி முடித்துவிட்ட செயலாளர் அவர்களே, ஆண்டுக் கணக்கை வாசித்த களைப்பு இன்னும் தீராத பொருளாளர் அவர்களே, முன்னாள் மாமன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, கல்லூரியிலிருந்து மாணவர்களை வேனில் ஏற்றிக் கூட்டிவந்திருக்கும் பேராசிரியர் அவர்களே, திங்கள் ராத்திரிச் சந்தை பார்த்து, செவ்வாய் முழுக்கத் தூங்கி, புதன்கிழமை எனக்காக வந்திருக்கும் ஜவுளிக் கடைக்காரர்களே, மஞ்சள் மண்டிக்காரர்களே, வணக்கம். யார் பெயரையாவது விட்டிருந்தால் மன்னிக்கவும். பட்டியல் எழுதிய காகிதத்தின் மேல் காபி டம்ளரை வைத்துவிட்டார்கள்.

பொன்னாடைக்குப் பதிலாகச் சென்னிமலைப் போர்வை போர்த்தினீர்கள். நெசவாளிக்கு நாலு காசு போகும், நல்ல வழக்கம். ஆனால் இந்தச் சித்திரை வெயிலில் அதைப் போர்த்திக்கொண்டு பேச முடியாது. தலைவர் அனுமதித்தால் மடித்து வைத்துக்கொள்கிறேன்.

'வணிகத்தில் உரையாடும் செயற்கை நுண்ணறிவு' என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறீர்கள். நாலு விஷயம் சொல்லலாம் என்று வந்தேன். ஒன்று, யார் யார் இதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள். இரண்டு, செலவு மிச்சமாகிறதா. மூன்று, வேலை போகுமா. நாலு, நம்ம ஊர்க் கடைக்கு இது ஆகுமா.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வெளியூருக்குப் பேச ஆபரேட்டரிடம் சொல்லிவிட்டுக் காத்திருந்த டிரங்க் கால் காலத்து ஆள். அப்போது ஆர்டினரி, அர்ஜென்ட், லைட்னிங் என்று மூன்று வகை உண்டு. காசு கட்டினால்தான் லைட்னிங். ஆனால் எதிர்முனையில் ஒரு குரல் உடைந்து, "எங்க அப்பா போயிட்டாருங்க, தம்பிக்குச் சொல்லணும்" என்றால், எங்கள் ஆபரேட்டர் அம்மாக்கள் வகையெல்லாம் பார்க்க மாட்டார்கள். அந்த அழைப்புச் சீட்டு தானாக வரிசையில் மேலே போய்விடும். விதிப்படி தப்பு. ஒருத்தரும் மெமோ வாங்கியதில்லை. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று என் ஆத்தா அடிக்கடி சொல்லும். அந்த வாயைக் கேட்க அன்றைக்கு ஒரு காது இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இயந்திரத்தோடு பேசுவது புதிதில்லை. 1966-இல் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் என்பவர் 'எலிசா' என்று ஒரு நிரலைப் பற்றி எழுதினார். நாம் சொன்னதையே திருப்பிப்போட்டுக் கேள்வியாகக் கேட்கும், அவ்வளவுதான். அது எப்படி எழுதப்பட்டது என்று தெரிந்த அவருடைய செயலாளரே, கொஞ்ச நேரம் அதோடு பேசிவிட்டு, 'நீங்கள் சற்று வெளியே இருங்கள்' என்று அவரை அனுப்பிவிட்டாராம். மனுசன் பேச ஏங்குகிறவன். காது மாதிரி ஒன்று தெரிந்தால் போதும்.

அதற்கப்புறம் வங்கிகளும் ரயில்வேயும் வைத்த சாட்பாட் என்கிற பேசும் பொம்மைகள் எல்லாம் பெரும்பாலும் பட்டியல் பொம்மைகள். 1-ஐ அழுத்து, 2-ஐ அழுத்து என்பதை எழுத்தில் போட்டது போல. 2022 நவம்பர் 30-இல் சாட்ஜிபிடி வந்த பிறகுதான் கதை மாறியது. பட்டியலில் இல்லாததைக் கேட்டாலும் அது பதில் சொல்லும். தெரியாததைக் கேட்டாலும் சொல்லும். சிக்கலே அங்கேதான். அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணித்துக் கணித்து எழுதுகிற இயந்திரம் அது. நம் கடை விலைப்பட்டியலை அதன் முன்னால் வைத்து, 'இதைப் பார்த்துச் சொல்' என்று கட்டிப்போட்டால் ஓரளவு ஒழுங்காகப் பேசும். கட்டிப்போடாவிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லும். கட்டிப்போட்டாலும் சில நேரம் அவிழ்த்துக்கொள்ளும்.

நம்ம ஊரில் நானே பார்த்தது ஒன்று. ஒரு மொத்த வியாபாரக் கடை. நைட்டி. உள்ளே ஒரு பெண்பிள்ளை, குடோன் கதவில் நைட்டியை மாட்டிப் போனில் படம் எடுக்கிறது. படத்தைப் போட்டு, 'இதுக்கு நாலு வரி எழுது' என்கிறது. ஏஐ எழுதித் தருகிறது. அதையே மலையாளத்தில் கேட்டு வாங்கி, கேரளத்துக் கடைக்காரர்களின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புகிறது. முன்பு பாலக்காட்டுக்காரர் ஒருவரைக் கெஞ்சி எழுதி வாங்கிய வேலை. நல்லதுதானே? ஆனால் அந்தப் பிள்ளை ஒரு இடத்தில் நிறுத்தி, ஒரு சொல்லை அழித்தது. என்னம்மா என்றேன். "தூய பருத்தினு அதுவே சேர்த்துக்குதுங்க. இது பாலி-காட்டன்." மாதம் சம்பளம் வாங்கும் அந்தப் பிள்ளை அங்கே உட்கார்ந்திருந்ததால் கடை பிழைத்தது. சரக்கு திரும்பி வந்திருந்தால் லாரி வாடகை யார் கொடுப்பது?

இப்போது பெரிய இடத்துக் கதை. சுவீடன் நாட்டில் கிளார்னா என்று ஒரு நிறுவனம். இப்போது வாங்கு, பிறகு கொடு என்கிற வியாபாரம். 2024 பிப்ரவரியில் பெருமையாக அறிவித்தது: எங்கள் ஏஐ உதவியாளர் முதல் மாதத்திலேயே 23 லட்சம் உரையாடல்களைக் கவனித்தது, மொத்தத்தில் மூன்றில் இரண்டு பங்கு, 700 பேர் செய்யும் வேலை. பதினோரு நிமிடம் ஆன காரியம் இரண்டு நிமிடத்துக்குள் முடிகிறது. உலகமே கைதட்டியது. அடுத்த ஆண்டே, 2025-இல், அதன் தலைவர் செபாஸ்டியன் சீமியாட்கோவ்ஸ்கி செலவையே பார்த்ததில் தரம் குறைந்தது என்கிற மாதிரி பேசி, மனிதர்களை மறுபடி வேலைக்கு எடுக்கிறோம், வாடிக்கையாளர் விரும்பினால் எப்போதும் ஒரு மனிதர் கிடைப்பார் என்றார். ஏஐயை அவர் தூக்கிப் போடவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியைத் திரும்பப் போட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் வங்கியும் பேசும் பொம்மையை நம்பி 45 பேரை அனுப்பப் பார்த்து, தப்பு என்று ஒப்புக்கொண்டு முடிவைத் திரும்பப் பெற்றது. மெக்டொனால்ட்ஸ் காரில் வருகிறவர்களிடம் ஆர்டர் எடுக்க ஐபிஎம்மோடு சேர்ந்து நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளில் முயன்று பார்த்து, 2024-இல் நிறுத்திக்கொண்டது. பெங்களூரில் துகான் என்கிற நிறுவனத்தின் தலைவர் 2023-இல் வாடிக்கையாளர் சேவை ஆட்களில் 90 சதவீதம் பேரை அனுப்பிவிட்டதாக அவரே எழுதி, ஊரெல்லாம் திட்டு வாங்கினார். இதெல்லாம் மூன்றாவது விஷயத்தில் வரவேண்டியது. அதற்கு மணி இருக்குமா என்று தெரியவில்லை.

ஏனென்றால் எங்கள் அத்தை கதையைச் சொல்லியாக வேண்டும்.

அத்தை கொடுமுடியில் இருக்கிறார். மாமா போன ஐப்பசியில் காலமானார். பதினாறாம் நாள் காரியம் எல்லாம் முடிந்தது. மாமாவின் செல்போன் எண்ணை நிறுத்த வேண்டும். மாதாமாதம் பணம் போய்க்கொண்டிருக்கிறது. எந்த நிறுவனம் என்று சொல்ல மாட்டேன், பின்னால் நோட்டீஸ் வந்தால் என் பென்ஷன் தாங்காது. கடையில் போய்க் கேட்டால், "ஆப்ல போயி சாட் பண்ணுங்க ஆத்தா, நாங்க எடுக்க முடியாது" என்றார்கள். அத்தைக்கு எழுத்து நன்றாக வரும், அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு. பேரன் போனைக் கொடுத்தான். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எழுதினார்: "எங்க வீட்டுக்காரரு போயிட்டாருங்க."

உடனே பதில். அரை விநாடிகூட இல்லை. "மகிழ்ச்சி! அவர் எங்கே போயிருக்கிறார்?"

அத்தை போனைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார். "ஏன் கண்ணு, இதென்ன இப்படிக் கேக்குது?" நான் சொன்னேன், விவரமாக எழுதுங்கள் அத்தை. அவர் எழுதினார்: "மேலே போயிட்டாரு."

"அருமை! வெளிநாட்டுப் பயணத்துக்கு எங்களிடம் மூன்று ரோமிங் திட்டங்கள் உள்ளன. அவர் எத்தனை நாள் தங்குவார்?"

நீங்கள் சிரிக்கிறீர்கள். பேரனும் சிரித்தான். அத்தையும் சிரித்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு எழுதினார்: "இனி வரமாட்டாரு." அதற்கு அது, "நிரந்தரமாகக் குடிபெயர்வோருக்கு எண்ணை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு" என்றது. நான் போனை வாங்கி 'ஆள் வேணும்' என்று எழுதினேன். 'எந்த ஆளைச் சொல்கிறீர்கள்?' என்றது. 'மனிதரிடம் பேச வேண்டும்' என்று எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி, ஐந்து நட்சத்திரம் தருவீர்களா?' என்றது. கடைசியில் 'இறப்பு' என்று அச்சுத் தமிழில் எழுதிய பிறகு ஒரு படிவம் வந்தது, ஆங்கிலத்தில். அதைப் பேரன் நிரப்பினான். எண் நின்றது. எத்தனை நாளில் என்று கேட்காதீர்கள். நடுவில் மாமாவுக்குப் பிறந்தநாள் வாழ்த்தும் வந்தது.

சாவை நாம் யாராவது 'இறந்தார்' என்று சொல்கிறோமா? போயிட்டார், தவறிட்டார், சாமிகிட்டப் போயிட்டார், சிவலோக பதவி அடைந்தார். வாய்க்கு வாய் மாறும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்கிறோம். எங்கள் அத்தைக்கு வாய் இருந்தது, எழுத்தும் இருந்தது. எதிரில் இருந்ததற்கு அந்தத் தமிழ் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் தெரியவில்லை.

இதே சாவு விஷயத்தில்தான் கனடாவில் வழக்கே நடந்தது. 2022 நவம்பரில், சாட்ஜிபிடி வந்த அதே மாதம், ஒருவருடைய பாட்டி இறந்துபோனார். அவர் ஏர் கனடா இணையதளத்தில் இருந்த பழைய சாட்பாட்டிடம் துக்கத்துக்குப் போகிறவர்களுக்கான சலுகைக் கட்டணம் பற்றிக் கேட்டார். இப்போது முழுப் பணம் கட்டிப் போ, 90 நாளுக்குள் விண்ணப்பித்தால் சலுகை கிடைக்கும் என்றது அது. நம்பி வான்கூவரிலிருந்து டொரொண்டோ போய்வந்தார். விண்ணப்பித்தால், பயணம் முடிந்த பிறகு சலுகை இல்லை, எங்கள் இணையதளத்திலேயே வேறு பக்கத்தில் போட்டிருக்கிறோம் என்றார்கள். வழக்கு தீர்ப்பாயத்துக்குப் போனது. அங்கே நிறுவனம் வைத்த வாதத்தைக் கேளுங்கள்: சாட்பாட் தனி ஆள், அது சொன்னதற்கு அதுவே பொறுப்பு! நம் கடையில் குமாஸ்தா தப்பான விலை சொன்னால், 'அவன் வாய், அவன் பொறுப்பு' என்று நாம் சொல்ல முடியுமா? 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. உங்கள் இணையதளத்தில் இருப்பதெல்லாம் உங்கள் பொறுப்பு என்றது. வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 812 கனடா டாலர். தொகை சின்னது.  கடைக்காரர்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டியது இது: உங்கள் பொம்மை சொன்னது நீங்கள் சொன்னது.

தலைவர் மணியைத் தொடுகிறார். ஐந்து நிமிடம் தாருங்கள்.

செலவு பற்றி ஒன்றே ஒன்று. இந்த இயந்திரங்கள் சொற்களைத் துண்டு துண்டாக நறுக்கித்தான் படிக்கும், துண்டுக்கு இவ்வளவு என்றுதான் காசு. ஆங்கிலச் சொல் பெரும்பாலும் ஒன்றிரண்டு துண்டு. நம் 'போயிட்டாருங்க' பல இயந்திரங்களில் அதைப்போல் சில மடங்கு. ஆக ஒரே கேள்விக்குத் தமிழில் காசும் கூட, நேரமும் கூட. புதிய இயந்திரங்களில் குறைந்துவருகிறது. சென்னையில் ஐஐடியில் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கு வேலை செய்கிறது, மத்திய அரசின் மொழிபெயர்ப்புத் திட்டமான பாஷிணி இருக்கிறது. விற்க வருகிறவர் ஆங்கிலத்தில் காட்டும் டெமோவைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். கொங்குத் தமிழில் பேசிப் பாருங்கள். "ஏனுங்க, போன வாரம் எடுத்த சரக்கு சாயம் போவுது" என்று எழுதிப் பாருங்கள். 'சாயம் எங்கே போகிறது?' என்று கேட்டால் அவரை அப்படியே வழியனுப்பி வையுங்கள்.

நாலாவது விஷயமும் அதிலேயே வந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக என் வேண்டுகோள். என்னைக் கூப்பிட்டால் இதைப் பேசாமல் போக மாட்டேன் என்று செயலாளருக்குத் தெரியும், தெரிந்தேதான் கூப்பிட்டிருக்கிறார். 2024 ஆகஸ்டில் அமலுக்கு வரத் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், இயந்திரத்தோடுதான் பேசுகிறீர்கள் என்பதை மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. எனக்கு அது பத்தாது. இயந்திரம் என்று தெரிந்து எங்கள் அத்தை என்ன செய்வார்? நான் கேட்பது இரண்டே சொல்: 'ஆள் வேணும்'. எந்த நிறுவனம் சாட்பாட் வைத்தாலும், வாடிக்கையாளர் இந்த இரண்டு சொல்லை எழுதினால், வேலை நேரத்தில் அடுத்த பதில் ஒரு மனிதரிடமிருந்து, தமிழில் வர வேண்டும். இதைச் சட்டமாக்கச் சொல்லி ஒரு மனு எழுதியிருக்கிறேன். அதுவரை புகார் சொல்ல 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். அரசு செய்யும் முன் இந்தச் சங்கம் செய்யலாம். தலைவர் இன்றே ஒரு தீர்மானம் போட்டால், ஈரோட்டுக் கடைகளில் வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று நானே ஊர் ஊராகப் போய்ச் சொல்கிறேன். தலைவர் சிரிக்கிறார். சம்மதமா, மணியா என்று தெரியவில்லை.

மனுத் தாள் கீழே காபி வைத்திருக்கும் மேசையில் இருக்கிறது. இதுவரை 212 கையெழுத்து, முதல் கையெழுத்து எங்கள் அத்தையுடையது. பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன், போன கூட்டத்தில் மூன்று பேனா போய்விட்டது. போண்டா எடுத்த கையைத் துடைத்துவிட்டுப் போடுங்கள், நன்றி, வணக்கம்.