லைட் என்று சிரித்த அண்ணனுக்கு

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். எனக்கு ஐந்தே நிமிடம், அதனால் வணக்கம் அவ்வளவுதான்.

அன்றாடம் கையில் வைத்து விளையாட உகந்த வீடியோ கேம் கருவி ஸ்டீம் டெக்கா, நிண்டெண்டோ சுவிட்ச் லைட்டா? நான் லைட் கட்சி.

எதிரணி அண்ணன் என்ன சொன்னார்? "பேரிலேயே லைட். டிவியில் மாட்டக்கூட முடியாது. சின்னப் பிள்ளைகள் சாமான்." நீங்களும் கைதட்டினீர்கள், பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

டிவியில் மாட்டவா? அண்ணே, எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் ராத்திரி நாடக நேரத்தில் ரிமோட்டைத் தொட்டு உயிரோடு இருக்கிறவன் யார்?

போன தீபாவளிக்கு மச்சான் கொழும்பிலிருந்து ஸ்டீம் டெக்கோடு வந்தான். அம்மா முப்பது வருசம் கொழுந்து எடுத்த கை. வாங்கினார், ஒரு தூக்குத் தூக்கினார். "அரைக் கிலோவுக்கு மேல, முக்காலுக்குக் கீழ." தேடிப் பார்த்தோம்: 669 கிராம்! என் லைட்டைக் கொடுத்தோம். இன்னொரு தூக்கு. "காலும் கொஞ்சமும்." 275 கிராம்! மச்சான் வாயை மூடவில்லை. அம்மா விடுவாரா? "அந்தப் பெரிசையே தோட்டத்துக் கணக்கப்பிள்ளை நிறுத்தா, சாக்குக்குக் கழிச்சு, ஈரத்துக்குக் கழிச்சு, நானூறுன்னுதான் எழுதுவாரு." மெதுவாகத் தட்டுங்கள், தோட்டத்துத் துரை காதில் விழும்.

டெக்கில் கணினி விளையாட்டெல்லாம் ஓடும், ஒத்துக்கொள்கிறேன். கனமான விளையாட்டைப் போட்டால் சார்ஜ் இரண்டு மணி நேரம்தான் நிற்கும். கொழும்புக் கோட்டையில் ரயில் ஏறினால் ஊர் வந்து சேருமுன்னமே திரை கறுத்துவிடும். 1989இல் வந்த, இதே நிண்டெண்டோவின் கேம் பாய்க்குக் கலர் கிடையாது, நாலு பெட்டரி. மறு வருசம் வந்த சேகா கம்பெனியின் கேம் கியருக்குக் கலர், ஆறு பெட்டரி, அதுவும் சில மணி நேரத்தில் காலி. எது ஜெயித்தது? கேம் பாய்!

சரி, அந்த "லைட்"டுக்கு வருகிறேன். 2022, மார்ச் கடைசி. ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் வெட்டு. எங்கள் காம்பராவில் மெழுகுவர்த்தி தீர்ந்துவிட்டது, போன்கள் செத்துக் கிடந்தன. அப்பாயிக்கு மூச்சிழுப்பு வந்துவிட்டது. நான் விளையாட்டை நிறுத்தி, திரை வெளிச்சத்தை முழுசாகக் கூட்டிப் பிடித்தேன். அம்மா தகரப் பெட்டியைக் கவிழ்த்து மாத்திரையைத் தேடி எடுத்தார்.

அது என்ன சாமான் என்று அப்பாயிக்குக் கடைசிவரை தெரியாது. அன்றிலிருந்து இருட்டினால் ஒரே கேள்விதான்: "பயலோட லைட்டு எங்கடா?"

இப்போது கேட்க ஆளில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. உட்காருகிறேன்.