‘பிறகு நினைவூட்டு’ என்னும் பொத்தான்

நேயர்களுக்கு வணக்கம்.

கணினியில் ஏதோ முக்கியமான வேலையில் மூழ்கியிருக்கும்போதுதான் திரையின் மூலையில் அந்த அறிவிப்பு எட்டிப் பார்க்கும். புதுப்பிப்பு தயாராக இருக்கிறது, கணினியை மீண்டும் தொடங்க வேண்டும் என்று அது கேட்க, நாமும் ‘பிறகு நினைவூட்டு’ என்ற பொத்தானை அழுத்திவிட்டு வேலையைத் தொடர்வோம். நானும் அதை அழுத்தியவன்தான். ஒரே புதுப்பிப்பை மூன்று வாரம் வரை தள்ளிப்போட்டதும் உண்டு. அப்படித் தள்ளிப்போடும் நாட்களில் வெளியே என்ன நடக்கிறது என்பதையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளான விண்டோஸ் போன்ற ஓர் இயங்குதளம் பல கோடி வரி நிரல்களால் ஆனது. மனிதர்கள் எழுதியதில் பிழைகள் இருக்கத்தான் செய்யும். பெரும்பாலானவை எரிச்சலூட்டுவதோடு நின்றுவிடும். சில மட்டும், உரிமையில்லாத ஒருவர் வெளியிலிருந்து உள்ளே நுழைய வழிவிடும் ஓட்டைகள். இத்தகைய ஓட்டையைக் கண்டுபிடிக்கும் ஆய்வாளர் வழக்கமாக அதை ஊரறியச் சொல்லாமல், மென்பொருளைத் தயாரித்த நிறுவனத்துக்கு மட்டும் தெரிவிப்பார். திருத்தத்தை உருவாக்கிச் சோதித்து முடிக்கும் வரை நிறுவனமும் வாய் திறக்காது. மைக்ரோசாப்ட் 2003ஆம் ஆண்டு அக்டோபர் முதல், ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை இந்தத் திருத்தங்களை மொத்தமாக வெளியிட்டு வருகிறது.

ரகசியம் உடைவதும் அந்தச் செவ்வாய்க்கிழமைதான். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் அருகருகே வைத்து ஒப்பிடத் தெரிந்தவருக்கு, எந்த இடம் மாறியிருக்கிறதோ அங்கேதான் ஓட்டை இருந்தது என்பது விளங்கிவிடும். பிறகு அவர் செய்ய வேண்டியதெல்லாம், அதை இன்னும் அடைக்காத கணினிகளைத் தேடுவதுதான். ஆகவே புதுப்பிப்பு மருந்தாக இருக்கும் அதே வேளையில் நோயைப் பற்றிய பறையறிவிப்பாகவும் ஆகிவிடுகிறது. நிறுவிக்கொண்டவருக்கு அது பாதுகாப்பு. நிறுவாதவருக்கோ, நேற்று இருந்ததைவிட இன்று ஆபத்து அதிகம். கணினி நேற்றுவரை நன்றாகத்தானே ஓடியது என்ற வாதம் இங்கேதான் சரிகிறது.

2017ஆம் ஆண்டு உலகம் இதைக் கண்கூடாகப் பார்த்தது. விண்டோஸ் கணினிகள் தமக்குள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பகுதியில் இருந்த ஓர் ஓட்டைக்கு மைக்ரோசாப்ட் மார்ச் 14 அன்று திருத்தம் வெளியிட்டது. அந்த ஓட்டை வழியாக நுழையும் கருவி ஏப்ரலில் இணையத்தில் வெளியானது. மே 12 அன்று ‘வான்னாகிரை’ என்ற நச்சுநிரல் கிளம்பி, சுமார் 150 நாடுகளில் கணினிக் கோப்புகளைப் பூட்டிவைத்து, திறக்க வேண்டுமானால் 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் என்ற மின்னணுப் பணம் தர வேண்டும் என்று மிரட்டியது. பிரிட்டனின் மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைகள்கூடத் தள்ளிவைக்கப்பட்டன. இதில் கவனிக்க வேண்டியது, யாரும் தவறான இணைப்பு எதையும் சொடுக்க வேண்டியிருக்கவில்லை. வலையமைப்பின் வழியே அது கணினிக்குக் கணினி தானாகவே தாவியது. மருந்து வெளிவந்து 59 நாட்கள் ஆகியும் அதை எடுத்துக்கொள்ளாத கணினிகளே அன்று பெரும்பாலும் விழுந்தன.

புதுப்பிப்பே கணினியைக் கெடுத்துவிடாதா என்று சிலர் கேட்பார்கள். அந்த அச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரு புதுப்பிப்பு, ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கி, விமானப் போக்குவரத்தையே நிலைகுலைய வைத்தது. அவை பெரும்பாலும் நிறுவனக் கணினிகள் என்றாலும் பாடம் வீட்டுக்கும் பொருந்தும். ஆனால் இதற்கு மாற்று, புதுப்பிப்பை மறுப்பதன்று. முக்கியமான கோப்புகளுக்குக் காப்பு நகல் வைத்துக்கொள்வதே. அந்த நகலைத் தனி வட்டில் எடுத்து முடித்ததும் வட்டைக் கழற்றி வையுங்கள்; செருகியே விட்டால், கோப்புகளைப் பூட்டும் நச்சுநிரல் நகலையும் சேர்த்தே பூட்டிவிடும். புதிய வசதிகளைக் கொண்டுவரும் பெரிய பதிப்புக்குச் சில வாரங்கள் காத்திருப்பதில் தவறில்லை. பாதுகாப்புத் திருத்தத்துக்கு மட்டும் அந்தச் சலுகை கூடாது.

தினமும் கணினியை அணைக்கிறேனே, அது போதாதா என்பது அடுத்த கேள்வி. விண்டோஸின் வேகத் தொடக்க வசதி இயங்கும் கணினிகளில், ‘ஷட் டவுன்’ செய்யும்போது இயங்குதளத்தின் மையப்பகுதி முழுமையாக மூடப்படாமல், அப்போதைய நிலையிலேயே வட்டில் சேமிக்கப்பட்டு மறுமுறை எழுப்பப்படுகிறது. அதனால் சில திருத்தங்கள் முடிவடையாமலே நிற்கக்கூடும். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். இணையப் பக்கங்களைப் பார்க்க உதவும் குரோம் போன்ற உலாவிகளும் இப்படித்தான்: புதிய பதிப்பைப் பின்னணியில் தாமாகவே இறக்கிக்கொள்ளும், ஆனால் மூடித் திறந்த பிறகே அது நடைமுறைக்கு வரும். நாற்பது பக்கங்களைத் திறந்து போட்டு மாதக்கணக்கில் மூடாமல் வைத்திருப்பவர்களுக்கு இது கசப்பான செய்திதான். ஆனால் திறந்திருந்த பக்கங்களைப் பெரும்பாலும் உலாவியே மீட்டுத் தந்துவிடும்.

சில கணினிகளில் புதுப்பிப்பு அறிவிப்பு வருவதே இல்லை. அதை நிம்மதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகள் அவற்றில் திறந்தே கிடக்கும். புதிய விண்டோஸை ஏற்க இயலாத பழைய கணினியில் லினக்ஸ் என்ற வேறோர் இயங்குதளத்தின் வகை ஒன்றை நிறுவிப் பயன்படுத்தலாம். அதுவும் முடியாவிட்டால் வங்கிக் கணக்கு போன்றவற்றை அதில் திறக்காமலாவது இருக்கலாம்.

இணையத்தில் எதையோ படித்துக்கொண்டிருக்கையில் ‘உங்கள் உலாவி பழையது, இங்கே அழுத்துங்கள்’ என்று ஒரு பக்கம் சொன்னால் அதை நம்பாதீர்கள். நச்சுநிரலைத் தருவதற்கான பழைய தந்திரம் அது. உண்மையான புதுப்பிப்பு, மென்பொருளின் அமைப்புகள் பகுதியிலேயே காத்திருக்கும். அங்கே போய்ப் பாருங்கள்.

அப்படிப் பார்க்கும்போது, வீட்டு இணையத்தைப் பங்கிட்டுத் தரும் ரவுட்டரையும் விட்டுவிடாதீர்கள். அதற்குள்ளும் ஒரு மென்பொருள் இருக்கிறது. அதற்கும் திருத்தங்கள் வருகின்றன. 2016இல் பரவிய ‘மிராய்’ என்ற நச்சுநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாத ரவுட்டர்களையும் கேமராக்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. உங்கள் ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, கடவுச்சொல்லை மாற்றி, புதிய பதிப்பு உண்டா என்று பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

வணக்கம்.