வெஸ்ட்வேர்ல்ட்: தோசை மாவும் ரயில விட்டு எறங்கினவளும்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம், எதிரணிக்கு வணக்கம், உக்காந்திருக்கிற எல்லாருக்கும் வணக்கம். நேரம் கம்மி, விஷயத்துக்கு வரேன். வெஸ்ட்வேர்ல்ட்ல மனசுல நிக்கிறது 1973ல வந்த படமா, 2016ல எச்பிஓ ஆரம்பிச்ச தொடரான்னு தலைப்பு. நான் தொடர் பக்கம்.

எனக்கு முன்னாடி எதிரணித் தலைவர் என்ன சொன்னாரு? 'படத்த எழுதி எடுத்த மைக்கேல் கிரைட்டன் 88 நிமிஷத்துல முடிச்ச கதைய 36 எபிசோடா இழுத்திருக்காங்க, கால் கிலோ மாவுல கல்யாண வீட்டுக்கே தோசை ஊத்தின மாதிரி'ன்னாரு. நீங்க எல்லாரும் கை தட்டுனீங்க, நானும் தட்டினேன். ஆனா ஐயா, தோசைய ஆரம்பிச்சது நீங்க, அதனால நானும் அங்கயே நிக்கிறேன். மாவ ஆட்டின கையோட கல்லுல ஊத்தினா தோசை வருமா? ராத்திரி பூரா வச்சு பொங்க விடணும்ல! 73ல கிரைட்டன் மாவ ஆட்டி வச்சாரு, அருமையா ஆட்டினாரு. ஒரு நாளைக்கு 1000 டாலர் கட்டினா கௌபாய் ஊர்ல போய் ரோபோவ சுடலாம், திடீர்னு ரோபோ திருப்பிச் சுட ஆரம்பிச்சுடுது. ரோபோவா வர்ற யூல் பிரின்னர் அந்தக் கறுப்புச் சட்டையில நடந்து வர்ற நடைய நான் குறை சொல்லவே மாட்டேன். ரோபோ கண்ணுக்கு உலகம் கட்டம் கட்டமா தெரியுதே, ஒரு முழுநீளப் படத்துல கம்ப்யூட்டர வச்சு பிம்பத்த அப்படி மாத்தினது அதுதான் முதல் தடவை. 'இதுல சில மெஷின கம்ப்யூட்டரே டிசைன் பண்ணுச்சு, எப்படி வேலை செய்யுதுன்னு எங்களுக்கே சரியா தெரியாது'ன்னு படத்துல அந்த ரோபோ பார்க்கோட சூப்பர்வைசர் சொல்றாரே, இன்னிக்கு கேட்டா ஒடம்பு சிலிர்க்குது. இதெல்லாம் ஒத்துக்கறேன். ஆனா அந்த ரோபோ ஏன் சுடுது, அதுக்கு வலிச்சுதா, சுட்டவன் மூஞ்சி அதுக்கு ஞாபகம் இருக்கான்னு படம் ஒரு தடவை கூட கேக்கலையே! அதுக்குத்தான் மாவு பொங்க 43 வருஷம் ஆச்சு.

இழுக்கறாங்க இழுக்கறாங்கன்றீங்க. தொடர்ல வர்ற ரோபோப் பொண்ணு டொலோரஸ் தினமும் அதே கட்டில்ல எந்திரிக்கிறா, திண்ணையில அதே அப்பா, கடைத்தெருவுல கையிலருந்து அதே டின்னு விழுது. பாக்கற நமக்கு சலிக்கும், சலிக்கணும், ஏன்னா அவளுக்கு சலிக்கக் கூட உரிமை இல்ல, ராத்திரி அவ ஞாபகம் எல்லாத்தையும் அழிச்சுடுறாங்க. முதல் எபிசோட் ஆரம்பத்துல அவ மூஞ்சியில ஒரு ஈ ஊருது, அசைய மாட்டேங்குறா. அதே எபிசோட் கடைசியில ஒரு ஈ வந்து கழுத்துல உக்காருது, பட்டுன்னு அடிக்கிறா. அவ்வளவுதான், ஒரு அடி. அந்த ஒரு அடிக்கு வயித்த கலக்குச்சு எனக்கு. ஒரு மணி நேரம் உக்கார வச்சதாலதான் அந்த அடிக்கு அந்த கனம்.

இப்ப எங்க வீட்டுக் கதை சொல்றேன். முதல் சீசன் கடைசி எபிசோட் போட்டு உக்காந்திருக்கேன், எங்கம்மா முருங்கைக்கீரை ஆஞ்சுகிட்டு பக்கத்துல. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ரோபோ கதைன்னும் தெரியாது. மேவ்னு இன்னொரு ரோபோப் பொண்ணு, அந்த கௌபாய் பார்க்க விட்டுத் தப்பிச்சு ரயில்ல உக்காந்துட்டா. இத்தன எபிசோடா அவ பட்ட பாடெல்லாம் இந்த ஒரு சீட்டுக்குத்தான். எதிர்ல ஒரு அம்மா, மடிகிட்ட ஒரு பொண்ணு. மேவ் பாக்கறா. எங்கம்மா கை கீரையில அப்படியே நின்னுடுச்சு. 'டேய், இவ புள்ள எங்கடா?'ன்னாங்க. உள்ளயே இருக்கும்மா, இப்ப இவ தப்பிச்சுப் போறான்னேன். அம்மா தலைய ஆட்டி 'போ மாட்டா, எறங்கிருவா பாரு'ன்னாங்க. கதவு மூடப் போகுது. எறங்கிட்டா!

யோசிச்சுப் பாருங்க, பத்து எபிசோடும் நோட்டு போட்டு எழுதாத குறையா பாத்தவன் நான், எனக்குத் தெரியல. அரை மணி நேரம் கீரை ஆஞ்சவங்களுக்குத் தெரிஞ்சுது. நான் விடல. அம்மா, அது மெஷின்மா, அந்தப் புள்ளையும் மெஷின், அம்மா புள்ளைன்னு ரெண்டு பேருக்கும் எவனோ எழுதி வச்சது, அவ தப்பிக்கிறதக் கூட எவனோ எழுதி வச்சிருக்கான்னேன். அம்மா கேட்டாங்க, 'சரிடா, எறங்குன்னு எழுதி வச்சிருந்தானா?'

இல்ல நடுவர் ஐயா. எழுதினது தப்பிச்சுப் போகத்தான். எறங்கினது அவளா எடுத்த முடிவு. இந்தத் தொடரோட மொத்த தத்துவத்தையும் எங்கம்மா கீரைக் காம்ப கையில வச்சுகிட்டு கேட்டுட்டாங்க. அந்த பார்க்க உருவாக்கினவரா வர்ற ஆந்தனி ஹாப்கின்ஸ் அவ்வளவு வசனம் பேசினாரே, இத விடவா? எதிரணித் தலைவரே, படத்துல யாராச்சும் யாருக்காகவாச்சும் ஒரு ரயில விட்டு எறங்கினாங்களா?

மூணாவது சீசன்ல இருந்து தடம் மாறிச்சு, உண்மைதான், எனக்கும் அதுல வருத்தம். 2022 நவம்பர்ல நிறுத்தினாங்க, அடுத்த மாசமே அவங்க ஓடிடியில இருந்தே எடுத்துட்டாங்க, நாலு சீசன் பாத்தவனுக்கு முடிவு கூட கிடைக்கல. அந்த நியூஸ் படிச்ச அன்னிக்கு வீட்ல ஒரு துக்கம் மாதிரிதான் இருந்துச்சு.

ஆனா எங்கம்மா எப்பவாச்சும் கேப்பாங்க, 'அந்த ரயில்ல எறங்கினாளே, புள்ளைய பாத்தாளா?'ன்னு. ரெண்டாவது சீசன்ல பாத்தாம்மா, ஆனா புள்ளைக்கு வேற அம்மா வந்துட்டா, இவள அடையாளமே தெரியல. கடைசியில கொல்ல வந்த கூட்டத்த இவ ஒத்த ஆளா நிறுத்தி வச்சா, புள்ள அந்தப் புது அம்மா கைய புடிச்சு தப்பிச்சுப் போச்சு, இவளைச் சுட்டுட்டாங்கன்னு சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் கேட்டாங்க, 'புள்ள போய்ச் சேந்துருச்சுல்ல?'

சேந்துருச்சும்மா.

நன்றி, வணக்கம்.