ஆயாவுக்கு ரங்கூன், எனக்கு வியாசர்பாடி

(எங்க தெரு படிப்பகத்துல போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பேசினது. வர முடியாதவங்க கேட்டாங்க, அதனால எழுதிக் குடுக்கறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். முன்னாடி ஒக்காந்திருக்கற பெரியவங்களுக்கும் பின்னால நிக்கற தம்பிங்களுக்கும். உங்கள்ல மூணு பேரு அடுத்த மாசம் குவைத் கெளம்பறீங்கன்னு சொன்னாங்க, அதுக்காகத்தான் பேச ஒத்துகிட்டேன். விசா, சம்பளம், ஏஜென்ட் இதெல்லாம் வேற ஆளுங்க சொல்லுவாங்க, நான் ஊர் நெனப்ப பத்தி மட்டும் பேசறேன்.

நான் 2009ல போனேன், ஃபஹாஹீல் பக்கம் 9 வருஷம் வெல்டர் வேலை. வெயிலு, சோறு, பாஷை எல்லாத்துக்கும் மனச தயார் பண்ணிகினுதான் போனேன். ஆனா மொத ராத்திரி தூக்கம் வரல, ரெண்டாவது ராத்திரியும் வரல, ஏசி ஓடுது, கட்டில் இருக்குது, ஒடம்பு அசதியா இருக்குது, ஏன்னே தெரியல. ஒரு வாரம் கழிச்சுதான் புரிஞ்சுது, ரயில் சத்தம் இல்ல. பொறந்ததுல இருந்து பேசின் பிரிட்ஜ் யார்டு சத்தத்துலயும் ஜீவா ஸ்டேஷன்ல எலக்ட்ரிக் ட்ரெய்ன் வந்து நிக்கற சத்தத்துலயும் தூங்கினவன் நான். குவைத்துல ரயிலே கெடையாது. அம்மா, தங்கச்சிய தேடுவேன்னு தெரியும், சத்தத்த தேடுவேன்னு எனக்கு யாரும் சொல்லல. அதான் உங்ககிட்ட சொல்றேன்.

ஜூன்ல இருந்து ஆகஸ்ட் வரைக்கும் பகல் 11 மணில இருந்து 4 மணி வரைக்கும் வெயில்ல வேலை வாங்கக்கூடாதுன்னு அங்க சட்டம். நல்ல சட்டம்தான், ஆனா அந்த அஞ்சு மணி நேரம் இருக்கே, அதான் ரொம்ப கஷ்டம். படுத்துகினு கணக்கு போடுவேன், இங்க 12ன்னா நம்ம ஊர்ல ரெண்டரை, தண்ணி லாரி வந்திருக்கும், ஆயா குடத்த வரிசைல வச்சிட்டு நெழல்ல ஒக்காந்திருக்கும். அப்டி ஆயாவ நெனச்ச ஒரு நாள்தான், அதுவும் என்ன மாதிரியே தன் ஊர தேடிகினு இருந்திருக்குன்னு எனக்கு பளிச்சுனு புரிஞ்சுது, எந்திரிச்சு ஒக்காந்துட்டேன்.

எங்க ஆயா பொறந்தது பர்மாவுல, ரங்கூன்ல. 1962ல நே வின் ராணுவ ஆட்சி வந்துச்சு, 1964ல கடைங்கள அரசாங்கம் எடுத்துகிச்சு, 50 கியாட், 100 கியாட் நோட்டு செல்லாதுன்னு சொல்லிட்டாங்க, ஆயாவோட அப்பா வச்சிருந்த சின்ன துணிக்கடையும் போச்சு, கையில இருந்த காசும் போச்சு. கப்பலேறி மெட்ராஸ் ஹார்பர்ல வந்து எறங்கறப்ப ஆயாவுக்கு 22 வயசு. அதுக்கு முன்னாடி இந்த மண்ண அது பாத்ததே இல்ல. ஆனா கையில குடுத்த பேப்பர்ல இன்னா போட்டிருந்தாங்க தெரியுமா? "தாயகம் திரும்பியோர்". இந்த தெருவுல பாதி வூட்ல அந்த பேப்பர் இருக்கும். ஒரு தடவ கூட பாக்காத எடத்துக்கு ஒருத்தரு எப்டிங்க திரும்புவாங்க? அந்த வார்த்தைய எழுதினவங்க நல்ல எண்ணத்துலதான் எழுதினாங்க, ஆனா எங்க ஆயாவுக்கு அழறதுக்கு உரிமையே இல்லாம பண்ணிடுச்சு அது.

சித்திரை முடிஞ்சா ஆயா வாசல்ல ஒக்காந்து வானத்த பாக்கும். ரங்கூன்ல மே மாசம் பாதில மழ ஆரம்பிச்சுடும், ஐப்பசி வரைக்கும் வுடாது. இங்க அப்ப கத்திரி வெயில் கொளுத்தும். நாப்பது அம்பது வருஷம் கழிச்சும் அது ஒடம்பு அந்த மழைக்கு காத்துகினு இருந்துச்சு. அப்புறம் சித்திரை 1, அங்க திஞ்சான் பண்டிகை, ஊரே தண்ணி ஊத்தி வெளாடும். ஆயா எங்க மேல சொம்புல தண்ணி ஊத்தும், குடிக்க தண்ணி இல்லாத தெருவுல இன்னா வெளாட்டுன்னு எல்லாரும் திட்டுவாங்க, நானும் திட்டியிருக்கேன். "இதான் நம்ம ஊரு, இன்னும் இன்னா ரங்கூன் ரங்கூன்ற"ன்னு கேட்டிருக்கேன். அது பதில் சொல்லாது, சொம்ப கவுத்து வச்சிட்டு உள்ள போயிடும். அத நெனச்சா இன்னிக்கும் மனசு தாங்கல.

அந்த காலத்துலயே கொஞ்சம் பேரு இங்க இருக்க முடியாம மணிப்பூர் வழியா நடந்தே பர்மாவுக்கு திரும்ப பாத்தாங்க. பார்டர்ல வுடல, இந்தப் பக்கம் மோரேன்ற பார்டர் ஊர்லயே தங்கிட்டாங்க, அங்க தமிழ்ச்சங்கம் இருக்குது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்குது. பார்டர் கேட்டத் தாண்டினா பர்மா. உள்ள போவ முடியலன்னாலும் பாக்கற தூரத்துலயாவது இருக்கலாம்னு தோணியிருக்கும்போல. குவைத்துல படுத்துகினு இருந்தப்பதான் அவங்கள எனக்கு புரிஞ்சுது.

தம்பிங்களா, அங்க போயி அழுதா வெக்கப்படாதீங்க. "சம்பாதிக்கதான வந்த, அப்புறம் இன்னா"ன்னு கேப்பாங்க, நீங்களே உங்கள கேட்டுக்குவீங்க. கேக்காதீங்க. பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோன்னு பர்மா நூடுல்ஸ் துன்றோமே, கோஸு, வெங்காயம், புளித்தண்ணி, மேல நொறுக்கி போடற பேஜோன்ற மொறு மொறு பருப்பு தட்டை, அது நமக்கு டிபன், ஆனா மொதல்ல அத தள்ளுவண்டில போட்டவங்க அவங்க ஊர் நெனப்புலதான் போட்டாங்கன்னு நான் நம்பறேன்.

2018ல வந்ததும் ஆயா பக்கத்துல ஒக்காந்து மொத மொறையா கேட்டேன், ரங்கூன்ல உன் வூடு எப்டி இருக்கும்னு. கொஞ்ச நேரம் என்னையே பாத்துச்சு. அப்புறம் பேச ஆரம்பிச்சுது, மரப்படிக்கட்டு, பக்கத்து வூட்டு பர்மாக்காரம்மா வாசல்ல நின்னு "தமின் சா பீ பீலா"ன்னு கேக்கறது, அப்டின்னா சோறு துன்னியான்னு அர்த்தம், மழைல கூரை சத்தம், எல்லாம். வெளக்கு வைக்கற நேரத்துல ஆரம்பிச்சது கடைசி ட்ரெய்ன் போற வரைக்கும் பேசுச்சு.

இந்த வருஷம் சித்திரை 1க்கு மொத நாள் ராத்திரியே ரெண்டு குடம் தண்ணி தனியா புடிச்சு வச்சேன். காலைல ஆயா நாற்காலில இருந்து எந்திரிக்க முடியல, அதனால நான் கீழ ஒக்காந்து தலைய குனிஞ்சேன், அதுவே சொம்ப எடுத்து ஊத்துச்சு.

நன்றிங்க.