மோட்டார் நின்ற பிறகும் இறங்கலாம்

நேயர்களுக்கு வணக்கம். ரிமோட் ஹெலிகாப்டர் உயரத்தில் இருக்கும்போது மோட்டார் நின்றால் தொப்பென்று விழுந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பிளேடுகளின் கோணத்தை, அதாவது பிட்ச்சை, மாற்றக்கூடிய மாடலாக இருந்தால் பத்திரமாக இறக்கலாம். ஆட்டோரொடேஷன் என்பார்கள். விளையாட்டுப் பொம்மைகளில் இது நடக்காது.

மோட்டார் ஓட்டும் பெரிய பல்சக்கரத்துக்கும், ரோட்டர் எனப்படும் சுழலும் பிளேடுகளின் தண்டுக்கும் நடுவே ஒருவழி பேரிங் ஒன்று உண்டு. மிதிப்பதை நிறுத்தினாலும் சைக்கிளின் பின்சக்கரம் ஓடுகிறதே, அதே ஏற்பாடுதான். மோட்டார் நின்றாலும் ரோட்டர் சுற்றும். ஸ்பெயின் பொறியாளர் ஹுவான் தெ லா சியெர்வா 1923-இல் பறக்கவிட்ட ஆட்டோஜைரோ என்ற ரோட்டர் விமானத்தில், பறக்கும்போது ரோட்டரைச் சுழற்றியது காற்று மட்டும்தான்.

கஷ்டம் நம் விரலில் இருக்கிறது. ஹெலிகாப்டர் இறங்க ஆரம்பித்ததும் பதறிப்போய், ரிமோட்டில் பிட்ச்சை மாற்றும் ஸ்டிக்கை மேலே தள்ளத் தோன்றும். தள்ளினால் சில நொடிகளில் ரோட்டர் வேகம் போய்விடும். சுழற்சி பாதியாகக் குறைந்தால் அதிலுள்ள ஆற்றல் கால்பங்குதான் மிஞ்சும். ஆகவே உடனே ஸ்டிக்கைக் கீழே இறக்கி, பிட்ச்சை மைனஸ் மூன்று, நான்கு டிகிரிக்குக் கொண்டுபோக வேண்டும். கீழிருந்து ஏறும் காற்று பிளேடுகளைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். எதிர்க்காற்றைப் பார்த்து, முன்னோக்கிய வேகத்தோடு வர வேண்டும். தரை நெருங்கும்போது மூக்கைத் தூக்கினால் அந்த வேகம் குறைந்து ரோட்டருக்குப் போய்ச் சேரும். அப்புறம் மாடலை மட்டமாக்கி, கடைசி ஒரு மீட்டரில்தான் பிட்ச் கொடுக்க, அதாவது ஸ்டிக்கை மேலே தள்ள வேண்டும். தலைக்கு மேல் உயரத்திலேயே கொடுத்துத் தீர்த்துவிடுவதுதான் புதியவர்கள் செய்வது.

முழங்கால் உயரத்தில் நிறுத்தி, மோட்டாரை நிறுத்தும் த்ராட்டில் ஹோல்ட் ஸ்விட்சைப் போட்டு, மெதுவாகப் பிட்ச் கொடுத்து உட்கார வைத்துப் பழகுங்கள். உயரத்திலிருந்து வருவதை முதலில் சிமுலேட்டரில் செய்து பாருங்கள். 450 என்ற சின்ன அளவு மாடலைவிட 700 என்ற பெரிய அளவு மாடல் சுலபம். நீளமும் எடையும் கூடின பிளேடு சுழற்சியை விட்டுவிடாது. சின்னதில்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை.

இன்னொன்று. பேட்டரி மாடல்களில் பயிற்சியை நடுவில் கைவிட்டு, மோட்டாரை மறுபடி ஓட்ட அந்த ஸ்விட்சைத் திருப்பினால், மோட்டார் கன்ட்ரோலர் பழைய வழக்கப்படி மெல்ல மெல்ல வேகமெடுக்கும். அதற்குள் தரை வந்துவிடும். உடனே வேகமெடுக்கும் ஆட்டோரொடேஷன் செட்டிங் பல கன்ட்ரோலர்களில் இருக்கிறது. அது வேலை செய்கிறதா என்று பிளேடுகளைக் கழற்றிவிட்டு, தரையில் வைத்தே பார்த்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.