கோயில் பூட்டியிருந்த தவக்காலம்

வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். தவக்காலத்தைப் பற்றிப் பேச வாருங்கள் என்று கூப்பிட்டபோது, நோன்பு, செபம், தர்மம் பற்றியெல்லாம் சாமியார்கள் என்னைவிட நன்றாகவே பேசுவார்கள், நான் 2020, 2021 இரண்டு வருடத்துத் தவக்காலத்தைப் பற்றிப் பேசட்டுமா என்று கேட்டேன். சரி என்றார்கள். வீட்டில்தான், கொரோனாவை இனிமேல் யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்று சிரித்தார்கள். கேட்கிறவர்கள் கேட்கட்டும். நான் கிருஷ்ணகிரி மாவட்டம் பர்கூர் பக்கத்துக் கிராமம், பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவள், எங்கள் பங்கில், அதாவது எங்கள் கிறிஸ்தவக் கோயிலைச் சேர்ந்த வட்டாரத்தில், ஒரு அன்பியத்தைப் பார்த்துக்கொள்கிறேன். அன்பியம் என்றால் பக்கத்துப் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பங்கள் இருபது முப்பது சேர்ந்து, வாரம் ஒரு வீட்டில் கூடி செபிக்கிற ஒரு சின்ன அமைப்பு. இந்தப் பேச்சில் அந்த வார்த்தை அடிக்கடி வரும், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

மற்ற சமயத்து நேயர்களுக்காக இன்னும் ஒன்று. தவக்காலம் என்றால் சாம்பல் புதன் தொடங்கி உயிர்ப்புப் பெருவிழாவான ஈஸ்டர் வரைக்கும், இடையில் வருகிற ஞாயிறுகளைக் கழித்து நாற்பது நாள். திருச்சபைச் சட்டப்படி கட்டாய நோன்பு இரண்டே நாள்தான், சாம்பல் புதனும், இயேசு சிலுவையில் இறந்ததை நினைக்கிற பெரிய வெள்ளியும், அதுவும் பதினெட்டிலிருந்து ஐம்பத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்கு. வெள்ளிக்கிழமைகளில் கறி கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்து வீடுகளில் சட்டத்தோடு நிற்க மாட்டார்கள், நாற்பது நாளும் கறி மீன் எடுக்காத வீடு உண்டு, தலையில் பூ வைக்காத பெண்கள் உண்டு, கல்யாணம் வைக்க மாட்டோம், சில ஆண்கள் குடியை நிறுத்திவிட்டு ஈஸ்டர் அன்றைக்கு எல்லாவற்றையும் வட்டியோடு வசூல் செய்துகொள்வதும் உண்டு, அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.

2020 பிப்ரவரி 26 சாம்பல் புதன். எப்போதும் போல நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தோம். கொரோனா அப்போது சீனாக்காரன் செய்தி. கோழி தின்றால் கொரோனா வரும் என்று யாரோ கிளப்பிவிட்ட வதந்தியில் கறிக்கோழி விலை அடிமாட்டு விலைக்குப் போனது, நாம் கறி தொடாத காலம் பார்த்தா விலை இறங்கும் என்று என் மருமகள் புலம்பினாள். மார்ச் 22, தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. அந்த ஒரு ஞாயிறுதான் தவக்காலத்தில் கொஞ்சம் மகிழ்ச்சியான ஞாயிறு, சாமியார் ஊதாவுக்குப் பதில் ரோஜா நிற உடை போடலாம். அன்றைக்குத்தான் மக்கள் ஊரடங்கு. இரண்டு நாள் கழித்து சாயங்காலம் 144, மறுநாள் 25ஆம் தேதி நாடு முழுக்க ஊரடங்கு. ஓசூர் பக்கம் தெலுங்கு, கன்னடக் குடும்பங்களுக்கு அன்றைக்கு உகாதி. அப்புறம் ஏப்ரல் 25க்கு ரமலான் நோன்பு தொடங்கியபோது பள்ளிவாசலும் பூட்டித்தான் கிடந்தது. ஆக, இந்தக் கதை எங்கள் கதை மட்டும் இல்லை.

இதில் கிருஷ்ணகிரிக்கு ஒரு வேடிக்கை உண்டு. மே மாதம் பிறக்கிற வரைக்கும் தமிழ்நாட்டில் தொற்றே இல்லாத மாவட்டம் நம்முடையது, மத்திய அரசு சிவப்பு, ஆரஞ்சு, பச்சை என்று பிரித்தபோது தமிழ்நாட்டில் பச்சை கிருஷ்ணகிரி மட்டும்தான். நோய் வராத ஊரில் கோயில் பூட்டிக் கிடந்தது. அதற்காகக் கோபப்பட்டவர்கள் நிறைய. நான் கோபப்படவில்லை, பூட்டியதால்தானே பச்சையாக இருந்தோம்.

எனக்குக் கோபம் வந்தது வேறு ஒரு பேச்சில். அந்த நாட்களில் வாட்சப்பில் ஒரு பிரசங்கம் சுற்றிச் சுற்றி வந்தது. நாம் ஒழுங்காகத் தவக்காலம் அனுசரிக்காததால் கடவுளே உலகம் முழுவதையும் ஒரு தவக்காலத்தில் உட்கார வைத்துவிட்டார் என்று. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதே வாரம் எங்கள் ஊருக்குப் பெங்களூரிலிருந்து ஆட்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சென்ட்ரிங் வேலை, பெயின்ட் வேலை, அபார்ட்மென்ட்டில் வீட்டு வேலை. தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம், நம் இரண்டு மாவட்டத்துப் பாதி வீட்டு அடுப்பு எரிவதே பெங்களூர்ச் சம்பளத்தில்தான். அத்திப்பள்ளி எல்லையில் பஸ் இல்லை, மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓசூர் வரைக்கும் நடந்து, அங்கிருந்து கிடைத்த வண்டியில் ஏறி, கையில் காசில்லாமல் வந்து சேர்ந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளை சாயங்காலம் சாப்பிடாமல் படுப்பதைத் தவக்காலம் என்று எப்படிச் சொல்வது? நான் காபியை விடுவது தவம், ஏனென்றால் டப்பாவில் காபித்தூள் இருக்கிறது, வேண்டாம் என்று நானே வைக்கிறேன். டப்பா காலியாக இருப்பவனிடம் போய் நீயும் தவம் இருக்கிறாய் என்று சொன்னால் அவன் அடிக்காமல் விடுவது அவனுடைய பெருந்தன்மை.

சாம்பல் புதனுக்குப் பிறகு வருகிற வெள்ளிக்கிழமை பூசையில் ஒவ்வொரு வருடமும் எசாயா 58ஆம் அதிகாரம் வாசிப்பார்கள். கடவுள் விரும்புகிற நோன்பு எது என்று தீர்க்கதரிசி சொல்லுவார்: பசித்தவருக்கு உன் உணவைப் பகிர்ந்து கொடுப்பது, வீடில்லாதவரை உன் வீட்டுக்குக் கூட்டி வருவது. அந்த வருடம் பிப்ரவரி 28ஆம் தேதி அதை வாசித்தபோது கோயிலில் எத்தனை பேர் காது கொடுத்துக் கேட்டோமோ தெரியாது. ஒரு மாதத்தில் அது அப்படியே வாசலில் வந்து நின்றது.

அப்போதுதான் அன்பியம் எதற்கு என்று எங்களுக்கே புரிந்தது. அதுவரை ஜெபமாலை சொல்லி, விவிலியம் வாசித்து, கடைசியில் சுண்டலும் டீயும் சாப்பிட்டுக் கலைகிற கூட்டம்தான். யார் வீட்டில் அரிசி இருக்கிறது, யாருக்கு ரேஷன் கார்டு பெங்களூரில் மாட்டிக்கொண்டிருக்கிறது, யாருக்குச் சர்க்கரை மாத்திரை தீர்ந்திருக்கிறது, இதெல்லாம் பங்குத்தந்தைக்குத் தெரிய வழியில்லை, பங்கு மக்களின் ஆலோசனைக் குழுவான பங்குப் பேரவைக்கும் தெரியாது, அன்பியத்துப் பெண்களுக்குத் தெரியும். அரசு கார்டுக்கு ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசியும் கொடுத்தது பெரிய உதவி, ஆனால் கார்டு இல்லாதவன் என்ன செய்வான்? எங்கள் பங்கில் பெரிய வெள்ளி வழிபாடு முடிந்ததும் அண்டா வைத்துக் கஞ்சி ஊற்றுவோம். அதற்காகச் சேர்ந்திருந்த அரிசியையும் பயறையும் வீடு பார்த்துப் பிரித்துக் கொடுத்துவிடலாம் என்று போனிலேயே முடிவானது. ஒரு பாட்டி, தனிக்கட்டை, அவர் வீட்டுத் திண்ணையில் நான் ஒரு பையை வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். கையால் தூக்கிப் பார்த்தார். "எனக்கு ராகி மாவு கிடக்குது கண்ணு, ஒருத்திக்குக் களி கிண்ட எம்புட்டு வேணும்? அந்த சென்ட்ரிங்காரன் வீட்டுல நாலு புள்ளைங்க, அங்க போடு" என்று சொல்லி, போகிறபோது அவர் பங்குக்கு ஒரு சின்ன டம்ளர் துவரையும் அந்தப் பைக்குள் கொட்டினார். அவருக்கு நோன்புக் கட்டாயம் முடிந்து இருபது வருடமாவது ஆகியிருக்கும்.

மார்ச் 27, அதுவும் வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி ராத்திரி பத்தரை மணிக்கு மேல், போப் பிரான்சிஸ் மழையில் நனைந்த வத்திக்கான் சதுக்கத்தில் ஆளே இல்லாமல் நடந்து வந்ததை டிவியில் பலரும் பார்த்திருப்பீர்கள். 1522இல் உரோமையில் கொள்ளைநோய் வந்தபோது தெருத்தெருவாகத் தூக்கிப் போன பழைய சிலுவையைக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது ஒன்றும் புதிதாகப் படவில்லை, கொள்ளைநோய் என்றால் புனிதர் செபஸ்தியார் சுரூபத்தைத் தூக்குவதுதானே நம் ஊர் வழக்கமும். இந்தத் தடவை தூக்கத்தான் ஆள் கூடக் கூடாது.

புனித வாரத்துக்கு உரோமையிலிருந்து தனி ஆணை வந்தது. குருத்தோலைப் பவனி கோயிலுக்குள்ளேயே, பெரிய வியாழனில், இயேசு சீடர்களின் காலைக் கழுவியதை நினைத்துச் சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவது கிடையாது, ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவில் புது நெருப்பு மூட்டுவது கிடையாது. குருத்தோலை ஞாயிறு ஏப்ரல் 5. அன்றைக்கு ராத்திரிதான் பிரதமர் சொன்னபடி ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் நாடெங்கும் விளக்கு ஏற்றியது. எங்கள் தெருவில் காலையில் வாசலில் தென்னங்குருத்தைக் கட்டியவர்கள் ராத்திரி அதே வாசலில் மெழுகுவர்த்தி வைத்தார்கள், இரண்டும் ஒரே பண்டிகை என்று நினைத்த சின்னப் பிள்ளைகள்கூட உண்டு.

பாதம் கழுவுவதைக் கோயிலில் நிறுத்தினார்களே ஒழிய வீட்டில் நிறுத்தச் சொல்லவில்லை. எங்கள் அன்பியத்தில் ஒரு பெரியவர், வருடா வருடம் பன்னிரண்டு பேரில் ஒருவராகப் போய் உட்காருகிறவர், அந்த வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு பித்தளைத் தாம்பாளமும் சொம்பில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு மருமகள் முன்னால் கீழே உட்கார்ந்துவிட்டாராம். "ஐயோ மாமா, என்ன இது" என்று அந்தப் பெண் காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டு சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். மாமியார் உள்ளே இருந்து, "அவருக்கு மூட்டு வலி, உட்கார்ந்துட்டாரு, எழுந்திரிக்க முடியாது, சீக்கிரம் காலை நீட்டு" என்று குரல் கொடுத்த பிறகுதான் நீட்டினாளாம். பெண்களின் பாதத்தையும் கழுவலாம் என்று போப் பிரான்சிஸ் 2016லேயே சட்டத்தை மாற்றிவிட்டார். ஆனாலும் நிறைய கோயில்களில் பன்னிரண்டு ஆண்களைத்தான் உட்கார வைக்கிறோம்.

அப்புறம் பாவசங்கீர்த்தனம், அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது. ஈஸ்டருக்கு முன் ஒரு தடவையாவது செய்யாமல் இருப்பவர் எங்களில் குறைவு. அது முடியாதபோது முழு மனஸ்தாபப்பட்டு, முடிந்த உடனே போய்ச் செய்வேன் என்று உறுதி எடுத்தால் மன்னிப்பு உண்டு என்று உரோமை அப்போது நினைவுபடுத்தியது. இளைஞர்கள் அதைப் புதுச் சலுகை என்று நினைத்தார்கள். பழைய ஞானோபதேசம் என்ற மறைக்கல்வி படித்த பாட்டிகளோ, இதற்கென்றே இருக்கிற உத்தம மனஸ்தாப மந்திரத்தை மூச்சு விடாமல் ஒப்பித்தார்கள்.

இதே போலத்தான், தனியாகச் சாமியார் இல்லாத கிளைப்பங்குகளும். தருமபுரி மறைமாவட்டம், அதாவது எங்கள் பிஷப்புக்குக் கீழ் வருகிற பகுதி, 1997இல் சேலத்திலிருந்து பிரிந்தது, இரண்டு மாவட்டம் முழுக்கப் பரந்து கிடக்கிறது. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி மலைப் பக்கமெல்லாம் சாமியார் ஒவ்வொரு ஞாயிறும் போய்ச் சேர முடியாத ஊர்கள் உண்டு. அங்கே சாமியாருக்குப் பதில் செபம் நடத்துகிற உபதேசியார் மணி அடிப்பார், வாசகம் வாசிப்பார், விசுவாசப் பிரமாணம் சொல்லிவிட்டுக் கலைவார்கள். பூசை இல்லாத ஞாயிறு அந்த ஊர்களுக்குப் பழக்கம். தவித்துப் போனது நாங்கள்தான், பெரிய கோயிலும் மைக் செட்டும் வைத்திருப்பவர்கள்.

சாவு வீட்டைப் பற்றி அதிகம் பேச எனக்கு மனசு வரவில்லை. இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது. சொந்தக்காரர்கள் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்று மண் போட முடியாமல் திரும்பிப் போனார்கள். 2021 மே மாதத்தில் அதுவும் இல்லாமல் போனது, பிளாஸ்டிக்கில் சுற்றி வந்தவர்களுக்குச் சாமியார் தூரத்திலிருந்து மந்திரித்தார், முடிந்தது.

ஆனால் அதற்கு முன் 2021 தவக்காலம் நன்றாகவே தொடங்கியது. பிப்ரவரி 17 சாம்பல் புதன், கோயில் திறந்திருந்தது. இங்கேதான் ஒரு சிக்கல். சாம்பல் எதிலிருந்து வரும்? முந்தின வருடம் மந்திரித்த குருத்தோலையை எரித்துத்தான். முந்தின வருடம்தான் யாருக்கும் ஓலையே கொடுக்கவில்லையே! கோயில் வேலைகளைக் கவனிக்கிற கோயில் பிள்ளை கேட்டபோதுதான் எங்களுக்கே உறைத்தது. அன்பியம் அன்பியமாகச் சொல்லி அனுப்பினோம். வீட்டில் இயேசுவின் படத்துக்குப் பின்னால், பீரோ மேலே, மாட்டுக் கொட்டகை விட்டத்தில் செருகி வைத்திருந்த 2019 ஓலை எல்லாம் வந்தது, சிலுவை மாதிரி மடித்தது, கிளி மாதிரி பின்னியது, ஒட்டடை பிடித்தது, கரையான் பாதி தின்றது. ஒரு வீட்டில் மட்டும் 2020இல் தாங்களே வெட்டி வாசலில் கட்டியதைக் கொண்டுவந்து, இது மந்திரிக்காதது, சேருமா என்று கேட்டார்கள். சாமியார் பேசாமல் அதையும் வாங்கித் தீயில் போட்டார். அந்தச் சாம்பலையும் நெற்றியில் பூசவில்லை, உரோமையின் புது விதிப்படி முகக்கவசம் போட்டுக்கொண்டு, வார்த்தை எதுவும் சொல்லாமல் உச்சந்தலையில் தூவினார். இத்தாலியில் எப்போதுமே அப்படித்தானாம். நமக்குத்தான் வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லையே என்று இருந்தது. ஏப்ரல் 4 ஈஸ்டர், 6ஆம் தேதி சட்டமன்றத் தேர்தல், 26ஆம் தேதி மறுபடி கோயில் பூட்டு.

இப்போது பங்குப் பேரவையில் ஒரு வாக்குவாதம் ஓடுகிறது. அந்த நாட்களில் தொடங்கிய யூடியூப் நேரலைப் பூசையை வைத்துக்கொள்ளலாமா, நிறுத்தலாமா என்று. காலும் கண்ணும் நன்றாக இருப்பவர்கள் கட்டிலில் சாய்ந்துகொண்டு, பொரி உருண்டையைக் கடித்துக்கொண்டு பூசை பார்ப்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது, அதை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறேன். அதே சமயம் படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு அந்தச் சின்னத் திரை பெரிய ஆறுதல், அதைப் பிடுங்கக் கூடாது. எனக்குக் குறை என்னவென்றால், போன் வந்ததும் வீட்டுக்குப் போவது குறைந்துவிட்டது. ஊரடங்கில் யார் வீட்டில் மாத்திரை தீர்ந்தது என்று தெரிந்து வைத்திருந்த அதே அன்பியம், இப்போது குரூப்பில் கைகூப்பிய படம் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகிறது. கேமரா இருக்கட்டும், ஆனால் யார் யார் வீட்டிலிருந்து பூசை பார்க்கிறார்களோ அந்த வீட்டுக்கெல்லாம் ஞாயிறு மத்தியானத்துக்குள் ஒரு ஆள் பூசையில் கொடுக்கிற அப்பமான நற்கருணையைக் கொண்டுபோக வேண்டும், போகிற ஆள் பத்து நிமிடமாவது உட்கார்ந்து பேச வேண்டும் என்று கேட்டேன். அத்தனை பேருக்கு எங்கே போவது என்றார்கள். அருட்சகோதரிகளும் நற்கருணைப் பணியாளர்களும் இருக்கிறார்களே என்றேன். சரி, உங்கள் அன்பியத்தில் தொடங்குங்கள், வீட்டுப் பட்டியல் கொடுங்கள் என்று என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டேன். முதல் பெயர், துவரை கொட்டிய அந்தப் பாட்டியுடையது, இப்போது காது கேட்பதில்லை, போகிறவர்கள் சத்தமாகப் பேச வேண்டும் என்றும் பக்கத்தில் குறித்திருக்கிறேன்.

நன்றி, வணக்கம்.